காலியான சாலையைத் தேடி: கிராமப்புறச் சாலைகளில் சைக்கிள் ஓட்ட முழுமையான வழிகாட்டி

ஒரு சாலையில் வண்டி நடமாட்டம் இல்லையென்றால் அதற்கு ஏதாவது காரணம் இருக்கும். எனக்கு இது உறைத்தது ஓர் ஆற்றங்கரையில். வரைபடத்தில் மெல்லிய கோடாக, ஆற்றை ஒட்டியே வளைந்து நெளிந்து போன சாலை அது. பார்த்த மாத்திரத்தில் ஆசை வந்து, எதையும் விசாரிக்காமல் கிளம்பிவிட்டேன். 22 கிலோமீட்டருக்கு எதிரில் ஒரு கார்கூட வரவில்லை. இதைவிட நல்ல சாலை கிடைக்காது என்று நினைத்துக்கொண்டே போனவன், பாலம் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு தூண்கள் மட்டும் நிற்பதைப் பார்த்துப் பிரேக் பிடித்தேன். வந்த வழியே திரும்பினேன், எதிர்க்காற்றில்.

அன்றிலிருந்து எந்தப் பயணத்தைத் திட்டமிட்டாலும் என் முதல் கேள்வி ஒன்றுதான்: இந்தச் சாலை ஏன் காலியாகக் கிடக்கிறது? சைக்கிள், டயர், தண்ணீர் எல்லாம் அதற்குப் பிறகு.

படி 1: காரணத்தைக் கண்டுபிடியுங்கள்

காலியான சாலைகளில் முதல் தரம், புறவழிச்சாலை வந்ததால் கைவிடப்பட்ட பழைய நெடுஞ்சாலை. கனரக வண்டிகளுக்காகப் போட்டது என்பதால் ஏற்றங்கள் மிதமாக இருக்கும், வளைவுகள் அகலமாக இருக்கும், ஊர்கள் சீரான இடைவெளியில் வரும். போக்குவரத்து முழுவதும் புதிய சாலைக்குப் போயிருக்கும். வரைபடத்தில் இதை அடையாளம் காண்பது எளிது. தடித்த நேர்க்கோடு ஒன்று ஓடும். அதன் பக்கத்திலேயே மெல்லிய கோடு ஒன்று இடமும் வலமுமாகக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒவ்வோர் ஊரின் நடுவாகவும் புகுந்து வெளியே வரும். அந்த மெல்லிய கோடுதான் பழைய சாலை. பழகுகிறவர்களுக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை.

இரண்டாவது வகை, எங்கும் போய்ச் சேராத சாலை. அணைக்கட்டு வரை, காட்டின் விளிம்பு வரை, கடைசி ஊர் வரை போய் அங்கேயே முடிந்துவிடும். அந்த ஊர்க்காரர்களைத் தவிர வேறு யாருக்கும் அதில் வேலை இல்லை. போன வழியே திரும்ப வேண்டும் என்பது குறைதான். ஆனால் திரும்பி வரும்போது ஒவ்வொரு குழியும் பழகியிருக்கும், வழி தப்பவும் வாய்ப்பில்லை.

மூன்றாவது, தார் பெயர்ந்து குண்டும் குழியுமாகிப்போனதால் கார்க்காரர்கள் ஒதுக்கிய சாலை. நான்காவது, செங்குத்தான ஏற்றத்துக்குப் பயந்து லாரிகள் சுற்றுவழியில் போய்விடுவதால் காலியான சாலை. இரண்டையும் நான் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். எதற்குத் தயாராக வேண்டும் என்பது முன்பே தெரிந்திருந்தால் போதும்.

ஐந்தாவது வகைதான் ஏமாற்றுவது. ஞாயிற்றுக்கிழமை காலையில் போனால் ஈ காக்காய் இருக்காது. அதே சாலையில் செவ்வாய்க்கிழமை போனால் கல் குவாரியிலிருந்து நிமிடத்துக்கு ஒரு டிப்பர் வரும். குவாரி, செங்கல் சூளை, ஆலை, மணல் கிடங்கு ஆகியவை செயற்கைக்கோள் படத்தில் நன்றாகத் தெரியும். வெட்டப்பட்ட மலையின் வெளிர் நிறத் தழும்பு, வரிசையாக நிற்கும் லாரிகள், சாலையோரம் படிந்த சாம்பல் நிறம் ஆகியவற்றைக் கவனியுங்கள். இருந்தால் அந்தச் சாலையை விடுமுறை நாளுக்கு ஒதுக்குங்கள். அறுவடைக் காலம், சந்தை கூடும் நாள், பள்ளி விடும் நேரம் இவையும் சாலையின் குணத்தை மாற்றிவிடும்.

படி 2: வரைபடத்தில் சாலையைப் படியுங்கள்

எனக்குக் கை கொடுப்பது ஓப்பன்ஸ்ட்ரீட்மேப். 2004இல் பிரிட்டனில் தொடங்கிய இந்தத் திட்டத்தில் வரைபடத்தை வரைவது பொதுமக்களே. ஒவ்வொரு சாலைக்கும் ஒரு தரம் குறிக்கப்பட்டிருக்கும். பெரும்பாலான சைக்கிள் வழிகாட்டிச் செயலிகள் இந்தத் தகவலை வைத்துத்தான் வழி சொல்கின்றன. நமக்கு வேண்டியவை ‘டெர்ஷியரி’, ‘அன்கிளாசிஃபைட்’ என்ற இரண்டு தரங்கள். ‘அன்கிளாசிஃபைட்’ என்பதைப் பார்த்து, யாரும் வகைப்படுத்தாமல் விட்ட சாலை என்று நினைத்துவிடாதீர்கள். ஊர்களை இணைக்கும் மிகச் சிறிய பொதுச்சாலைக்கு அங்கே வைத்த பெயர் அது. அதற்கும் கீழே ‘டிராக்’ என்று இருந்தால் வயல்வழி, வண்டித்தடம். தார்ச் சாலைக்கான மெல்லிய டயரோடு அங்கே போனால் தள்ளிக்கொண்டுதான் வர வேண்டும்.

தரம் தெரிந்ததும் செயற்கைக்கோள் படத்துக்கு மாறுங்கள். சாலையில் நிற்கும் ஒரு காரை அளவுகோலாக எடுத்துக்கொள்ளலாம். சாதாரணக் கார் ஏறத்தாழ 1.8 மீட்டர் அகலம் இருக்கும். இரண்டு கார்கள் உரசாமல் கடக்க முடியாத அளவுக்குக் குறுகலான சாலைதான் என் விருப்பம். அங்கே ஓட்டுநர்கள் தாமாகவே வேகத்தைக் குறைக்கிறார்கள். நேராக நீண்டு, நடுக்கோடு போட்டு, ஓரத்தில் ஒதுங்க இடமே இல்லாத இருவழிச் சாலையை நான் தவிர்க்கிறேன். அதில் வண்டி குறைவாகத்தான் வரும், ஆனால் வருகிற ஒவ்வொன்றும் பறந்து வரும்.

அடுத்து, சாலையின் இரண்டு முனைகளிலும் என்ன இருக்கிறது என்று பாருங்கள். இரண்டு நகரங்களுக்கு நடுவே மனத்தில் ஒரு நேர்க்கோடு போடுங்கள். உங்கள் சாலை அந்தக் கோட்டின் மேலேயே விழுந்தால் அது யாரோ ஒருவருடைய குறுக்குவழி; காலையிலும் மாலையிலும் வேலைக்குப் போகிறவர்கள் அதில் விரைவார்கள். கோட்டிலிருந்து விலகி, தேவையில்லாமல் சுற்றிக்கொண்டு போகிற சாலையில் அவசரக்காரர்களுக்கு வேலை இல்லை.

மற்ற சைக்கிள்காரர்கள் எங்கே ஓட்டுகிறார்கள் என்பதைக் காட்டும் ஸ்டிராவா ஹீட்மேப் உதவும். ஆனால் அதில் பளிச்சென்று தெரிவதெல்லாம் அமைதியான சாலை இல்லை. பயிற்சிக்காக நெடுஞ்சாலையில் வேகமாக ஓட்டுகிறவர்களின் தடமும் அதில் சேர்ந்திருக்கும். நெடுஞ்சாலையை விட்டு விலகிய மெல்லிய சாலையில் ஒளிக்கோடு தெரிந்தால் மட்டும் நம்புங்கள். நீங்கள் போகும் பகுதியில் சைக்கிளுக்கென்றே குறியிட்ட வழிகள் இருந்தால் வேலை இன்னும் எளிது. பெல்ஜியத்தின் லிம்பர்க் மாகாணத்தில் 1995இல் தொடங்கிய ஏற்பாடு ஒன்று அண்டை நாடுகளுக்கும் பரவியிருக்கிறது: ஒவ்வொரு சந்திப்புக்கும் ஓர் எண். 12, 47, 33 என்று எண்களைத் துண்டுச்சீட்டில் எழுதி ஹேண்டில்பாரில் ஒட்டிக்கொண்டு கிளம்பினால் போதும், போனை வெளியே எடுக்கவே வேண்டாம்.

வழியை முடிவு செய்ததும் ஜிபிஎக்ஸ் கோப்பாக (வழித்தடத்தைப் பதிந்துவைக்கும் கோப்பு வடிவம்) சேமித்து போனிலோ சைக்கிள் கணினியிலோ ஏற்றிக்கொள்ளுங்கள். அந்தப் பகுதியின் வரைபடத்தை இணையம் இல்லாமலும் திறக்கும்படி முன்கூட்டியே இறக்கி வையுங்கள். ஆறு, ரயில் பாதை, கால்வாய் ஆகியவற்றைச் சாலை கடக்கும் இடங்களை மட்டும் ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்துவிடுங்கள். ஏன் என்று சொல்லத் தேவையில்லை.

படி 3: தூரத்தைவிட ஏற்றத்தைக் கணக்கிடுங்கள்

50 கிலோமீட்டர் என்ற எண் தனியாக எதையும் சொல்லாது. மொத்த ஏற்றத்தை மீட்டரில் எடுத்து, தூரத்தால் வகுத்துப் பாருங்கள். கிலோமீட்டருக்கு 5 மீட்டருக்குக் கீழே என்றால் கிட்டத்தட்டச் சமதரை. 10 மீட்டர் என்றால் மேடு பள்ளம் ஓயாது. 20ஐத் தொட்டால் அது மலைப் பயணம். தூரத்தைப் பாதியாகக் குறைத்துத் திட்டமிடுங்கள்.

கியரையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முன் பல்சக்கரத்தில் 34 பல், பின் பல்சக்கரத்தில் 34 பல் என்றால் பெடல் ஒரு சுற்றுக்குச் சக்கரமும் ஒரு சுற்று, அதாவது ஏறக்குறைய 2.1 மீட்டர். நிமிடத்துக்கு 60 முறை மிதித்தால் மணிக்கு 7.5 கிலோமீட்டர். 10 சதவீத ஏற்றத்தில் நம்மைப் போன்ற சாதாரண ஆட்களுக்கு அதுவே பெரிய வேகம். முன்னால் 39, பின்னால் 25 என்ற பழைய பந்தயக் கியரில் அதே மிதிக்கு மணிக்குச் சுமார் 12 கிலோமீட்டரில் ஏறியாக வேண்டும், இல்லையென்றால் முழங்கால்தான் விலை கொடுக்கும். கிராமச் சாலைகளைப் போட்டவர்கள் மலையைக் குடைந்து சமப்படுத்தவில்லை. நேராக ஏற்றி நேராக இறக்கிவிட்டிருப்பார்கள். அதனால் பின்னால் பெரிய பல்சக்கரம் மாட்டிக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

காற்று வீசும் திசையைப் பார்த்து, எதிர்க்காற்றில் போய் அது முதுகைத் தள்ளத் திரும்பும்படி வழியை அமையுங்கள். களைப்பு ஏறிய பிறகு எதிர்க்காற்றைப் போலக் கொடுமை வேறில்லை. 15 கிலோமீட்டருக்கு ஓரிடத்திலாவது பெரிய சாலைக்கோ ரயில் நிலையத்துக்கோ வெளியேறும் வழி இருக்கிறதா என்றும் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 4: டயரில் கவனம் வையுங்கள்

புது சைக்கிள் வாங்கத் தேவையில்லை. இருக்கிற சைக்கிளில் ஒரே ஒரு மாற்றம் செய்ய முடியுமென்றால் டயரை மாற்றுங்கள். 1888இல் ஜான் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். தன் மகனின் மூன்று சக்கர சைக்கிள் குலுங்காமல் ஓட வேண்டும் என்பதற்காகத்தான் அவர் அதைச் செய்து பார்த்தார். பின்னால் வந்த நாம் டயரை மெலிதாக்கி, கல்லைப் போலக் காற்றடித்து, அந்தக் குலுக்கலைத் திரும்ப வரவழைத்துக்கொண்டோம். சொரசொரப்பான சாலையில் டயர் துள்ளும்போது, முன்னே தள்ள வேண்டிய சக்தி சைக்கிளையும் உடம்பையும் உலுக்குவதில் வீணாகிறது. அகலமான டயரில் குறைந்த காற்றோடு போனால் உடம்பு நோகாது, வேகமும் குறையாது.

700சி எனப்படும், சாலை சைக்கிள்களில் வழக்கமான அளவுச் சக்கரத்தில் டயர் உட்காரும் இடத்தின் விட்டம் 622 மில்லிமீட்டர். 25 மி.மீ. அகல டயரோ 32 மி.மீ. டயரோ, இரண்டும் அதே ரிம்மில் ஏறும். தடையாக வருவது ஃபிரேமும் பிரேக்கும்தான். இருபுறமும் மேலேயும் சில மில்லிமீட்டர் இடைவெளி மிஞ்சுகிறதா என்று பார்த்து, அது இடம் கொடுக்கிற அளவுக்கு அகலமான டயரைப் போடுங்கள். 70 கிலோ எடையுள்ளவர் 28 மி.மீ. டயரில் 65 முதல் 75 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு), 32 மி.மீ. டயரில் 50 முதல் 60 பிஎஸ்ஐ என்று தொடங்கலாம். எடை கூடினால் கொஞ்சம் கூட்டுங்கள். முன்சக்கரத்தில் சுமை குறைவு என்பதால் அங்கே சில பிஎஸ்ஐ குறைத்துக்கொள்ளுங்கள். டயரின் பக்கத்திலும் ரிம்மிலும் அச்சிட்ட வரம்பை மட்டும் தாண்டவேண்டாம்.

கையில் இருக்க வேண்டியவை: இரண்டு ட்யூப், பேட்ச், டயர் லீவர், பம்ப், செயின் வெட்டும் கருவியுள்ள பல்திறக் கருவி, செயின் இணைப்புக் கண்ணி ஒன்று, பழைய டயரிலிருந்து வெட்டிய ஒரு துண்டு. காற்றுக் குப்பி மட்டும் எடுத்துப் போகிறவர்கள் உண்டு. குப்பி தீர்ந்துவிட்டால் அவ்வளவுதான், கைப்பம்ப் தீராது. டயரே கிழிந்துபோனால் அந்தப் பழைய டயர்த் துண்டை உள்ளே கொடுத்து வீடு வந்து சேரலாம்.

பஞ்சர் ஆனால் புது ட்யூபை மாட்டும் அவசரத்தில் காரணத்தைத் தேடாமல் விட்டுவிடுகிறோம். முள் டயரிலேயே குத்திக்கொண்டிருக்கும். ஐந்து நிமிடத்தில் இரண்டாவது ட்யூபும் போய்விடும். கழற்றும்போதே வால்வு டயரின் எந்த எழுத்துக்கு நேராக இருந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள். ட்யூபில் காற்றடித்து ஓட்டையைக் கண்டுபிடித்ததும், வால்விலிருந்து அதே தூரத்தில் டயரைத் துழாவுங்கள். விரலை மெதுவாக ஓட்டுங்கள். கண்ணாடித் துண்டாகவும் இருக்கலாம். ஓட்டை பக்கத்தில் பக்கத்தில் இரண்டாக, பாம்புக்கடி போல இருந்தால் முள்ளைத் தேட வேண்டாம். காற்று குறைவாக இருந்து, குழியின் விளிம்பில் ரிம் நசுக்கியிருக்கிறது.

படி 5: தண்ணீர், சாப்பாடு

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மணிக்கு அரை லிட்டர் முதல் முக்கால் லிட்டர் வரை தண்ணீர், வெயிலைப் பொறுத்துக் கூடும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓட்டினால் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து. பசித்த பிறகு சாப்பிடுவது தாமதம். சிற்றூர்க் கடை திறந்திருக்கும் என்ற நம்பிக்கையில் கிளம்பாதீர்கள். வண்டியே வராத சாலையில் யாரை நம்பிக் கடை போடுவார்கள்?

படி 6: சாலையில் இறங்கியதும்

அமைதியான சாலைக்கு ஒரு குணம் உண்டு: அது எல்லோரையும் அசட்டையாக்கும். எதிரே யாரும் வரமாட்டார்கள் என்று நீங்கள் நினைப்பதைப் போலவே கார்க்காரரும் நினைக்கிறார். அரை மணி நேரம் யாரையும் பார்க்காமல் ஓட்டிக்கொண்டிருப்பவர், வளைவில் திடீரென்று உங்களைப் பார்க்கிறார்.

ஆகவே வளைவுகளில் நிற்கும் இடம் முக்கியம். நீங்கள் ஓட்டும் ஓரத்தின் பக்கமாகவே திரும்பும் வளைவில் ஓரத்தை ஒட்டிப் போனால், வேலியும் செடியும் உங்களை மறைத்துவிடும்; பின்னால் வருபவருக்குக் கடைசி நொடியில்தான் தெரிவீர்கள். அரை மீட்டர், ஒரு மீட்டர் உள்ளே வந்து ஓட்டுங்கள், முன்பாகவே கண்ணில் படுவீர்கள். எதிர்ப்பக்கம் திரும்பும் வளைவில் உங்கள் ஓரத்திலேயே இருங்கள். எதிரே வருகிறவர் வேகத்தில் வளைவின் வெளிப்பக்கமாக, உங்களை நோக்கி விலகி வரக்கூடும்.

காலையிலும் மாலையிலும் சூரியன் தாழ்ந்திருக்கும்போது உங்கள் நிழலைப் பாருங்கள். நிழல் எந்தப் பக்கம் நீள்கிறதோ அந்தப் பக்கத்திலிருந்து வருகிறவருக்குக் கண் கூசும். நிழல் உங்களுக்குப் பின்னால் விழுந்தால் பின்னால் வருகிற கார்க்காரருக்கு நீங்கள் தெரியமாட்டீர்கள். முன்னால் விழுந்தால் எதிரில் வருகிறவருக்கு. பின்விளக்கைப் பகலிலும் எரியவிடுங்கள் என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

பின்னால் ஒரு கார் முந்தக் காத்திருந்தால், போகலாம் என்று கையசைக்காதீர்கள். எதிரே வண்டி வந்துவிட்டால் பொறுப்பு உங்கள் கையில் வந்துவிடும். அகலமான இடம் வந்ததும் ஒதுங்கி நில்லுங்கள், அது போதும். காதில் பாட்டுக் கருவி வேண்டாம். இந்தச் சாலைகளில் கண்ணுக்கு முன்பே காது சொல்லிவிடும்.

இறக்கத்தில் வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்காகும். கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள் நிற்க முடியாத வேகத்தில் இறங்கவேண்டாம். வளைவின் வெளிவிளிம்பில் ஜல்லியும் மண்ணும் ஒதுங்கிக் கிடக்கும், வயல்வாசல்களில் டிராக்டர் இழுத்துவந்த சேறு இருக்கும், மரத்தடியில் ஈரச் சருகு வழுக்கும். பிரேக்கை வளைவுக்கு முன்னாலேயே பிடித்து முடித்துவிடுங்கள். ரயில் தண்டவாளத்தையும், கால்நடை தாண்டாதிருக்கப் பதித்த இரும்புக் கம்பித் தடுப்பையும் நேர் குறுக்காக, ஹேண்டிலைத் திருப்பாமல் கடக்க வேண்டும். மழையில் இறங்கித் தள்ளுவது மேல்.

நாய்கள். இதைக் கேட்காதவர்கள் இல்லை. பெரும்பாலான நாய்களுக்குத் தன் எல்லையிலிருந்து உங்களை விரட்டினால் போதும். சுழலும் சக்கரமும் ஓட்டமும்தான் அதைத் துரத்தத் தூண்டுகின்றன. நான் வேகத்தைக் குறைப்பேன், அதட்டுவேன், அப்படியும் கேட்கவில்லை என்றால் இறங்கி, சைக்கிளை நடுவில் பிடித்துக்கொண்டு நடந்தே கடப்பேன். பத்தில் ஒன்பது முறை அங்கேயே அதன் ஆர்வம் போய்விடுகிறது. கடித்துவிட்டால், சிறு கீறலாக இருந்தாலும், சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். மீதிப் பயணம் இன்னொரு நாளைக்கு.

மாட்டு மந்தையோ ஆட்டு மந்தையோ வந்தால் அவசரப்படாமல் நில்லுங்கள். மணியடித்தால் மிரளும், மேய்ப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டால் அவரே வழி விடுவார். இந்தப் பாலம் இருக்கிறதா, அந்தச் சாலை போகுமா என்று விசாரிக்கவும் அவரைவிட நல்ல ஆள் கிடையாது.

படி 7: உதவி வரும் வழியைத் திறந்து வையுங்கள்

வண்டி வராத சாலையில் விழுந்தால் தூக்கிவிடவும் ஆள் வராது. கிளம்பும் முன் ஒருவரிடம் வழியின் கோப்பையும் திரும்பும் நேரத்தையும் கொடுத்துவிட்டு, அந்த நேரம் கடந்தும் அழைப்பு வராவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்றும் சொல்லிவிடுங்கள். ஐரோப்பிய ஒன்றியம், இந்தியா உள்படப் பல நாடுகளில் அவசர உதவி எண் 112. உங்கள் நிறுவனத்தின் சிக்னல் இல்லாத இடத்திலும், வேறொரு நிறுவனத்தின் கோபுரம் எட்டினால் கைப்பேசியில் இந்த அழைப்பு போகும்.

ஊர்ப் பெயர் தெரியாத இடத்தில் இருப்பிடத்தைச் சொல்ல, போன் காட்டும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைப் படியுங்கள். புள்ளிக்குப் பிறகு நான்கு இலக்கம் சொன்னால் ஏறத்தாழ 11 மீட்டர் துல்லியம். ஆம்புலன்ஸுக்கு அது தாராளம்.

படி 8: திரும்பி வந்ததும்

சைக்கிளைத் துடைக்கும் முன், நினைவு மங்கும் முன், வழியில் கண்டதைக் குறித்துவையுங்கள். எந்தக் கிழமை, எத்தனை மணி, எத்தனை வண்டி, எங்கே தார் மோசம், எங்கே குழாய் இருந்தது, எந்த வீட்டு நாய். ஐந்தாறு பயணங்களில் எந்தச் செயலியிலும் கிடைக்காத வரைபடம் ஒன்று உங்களிடம் சேர்ந்துவிடும். அதே வழியை ஒருமுறை எதிர்த்திசையில் ஓட்டிப் பாருங்கள். இறக்கமெல்லாம் ஏற்றமாகி முற்றிலும் வேறு சாலையாக இருக்கும்.

வரைபடத்தில் தவறு கண்டால் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் அந்த இடத்தைத் தொட்டு ஒரு குறிப்பு போட்டுவிடலாம். அந்தப் பாலத்துக்கு அன்றிரவே நான் போட்டேன். சில நாள் கழித்துப் பார்த்தபோது யாரோ திருத்தியிருந்தார்கள். கோடு இப்போது ஆற்றங்கரையோடு நின்றுவிடுகிறது. எங்கும் போய்ச் சேராத சாலை. போய்வர 44 கிலோமீட்டர், மாதம் ஒருமுறையாவது போகிறேன். இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.